ராமேஸ்வரத்தில் காந்த ஊசி ஏன் சாய்வதில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ராமேஸ்வரத்தின் அட்சரேகை 9.3 டிகிரி. காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணத்தைக் காந்தச் சரிவு என்பார்கள். "காந்தச் சரிவின் டேன் மதிப்பு, அட்சரேகையின் டேன் மதிப்பைப் போல இரண்டு மடங்கு" என்று கைடில் உள்ள வாய்பாட்டில் போட்டால் சரிவு 18 டிகிரி வருகிறது. லேபில் இந்தச் சரிவை அளக்கும் டிப் சர்க்கிளில் ஊசியோ கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. கருவி பழுது, 18 என்றே எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்கு, டேன்ஜன்ட் கால்வனாமீட்டரில் (மின்சுருளின் புலத்தைப் பூமியின் புலத்தோடு ஒப்பிட்டு அளக்கும் கருவி) கிடைத்தளக்கூறு, அதாவது பூமியின் புலத்தில் தரைக்கு இணையான பகுதி, 4 × 10⁻⁵ டெஸ்லா வந்திருக்கிறது. புத்தகத்தில் பூமத்திய ரேகைக்கு 3.1 × 10⁻⁵ என்று இருக்கிறது. இரண்டு கருவியும் பழுதா, இல்லை வாய்பாடு தப்பா என்பது கேள்வி.

கேள்வி கருவியைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், "பூமி ஒரு சட்டக் காந்தம்" என்று படித்ததை எதுவரை நம்பலாம் என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஊசி படுத்துக்கிடப்பது சரி. 4 × 10⁻⁵ என்பதும் சரி. வாய்பாடும் சரிதான், அதில் போட்ட அட்சரேகைதான் தப்பு. ஆனால் சரியான அட்சரேகையைப் போட்டால்கூட அந்த வாய்பாடு உங்கள் ஊசியின் கோணத்தைத் தருமே தவிர, உங்கள் 4-ஐத் தராது. அந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

வாய்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஒரு சிறிய காந்த இருமுனை (வடமுனையும் தென்முனையும் உள்ள குட்டிக் காந்தம்). அதிலிருந்து ஒரே தொலைவில் இரண்டு இடங்கள்: ஒன்று அச்சுக்கோட்டில் (இரு முனைகள் வழியாகப் போகும் கோடு), இன்னொன்று நடுவரைக்கோட்டில் (நடுவில் அதற்குச் செங்குத்தாகப் போகும் கோடு). அச்சுக்கோட்டில் புலம் 10⁻⁷ × 2 × திருப்புத்திறன் (காந்தத்தின் வலு) ÷ தொலைவு³. நடுவரைக்கோட்டில் அதில் சரிபாதி, திசையும் எதிர். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நின்றால், திருப்புத்திறனை இரண்டு கூறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாய்பாட்டைப் போட வேண்டும். பூமியின் பரப்பில் நிற்பவருக்குச் செங்குத்துக்கூறு அச்சுக்கோட்டு வாய்பாட்டிலிருந்து வருகிறது, அதனால் அதில் 2 இருக்கிறது. கிடைத்தளக்கூறு நடுவரைக்கோட்டு வாய்பாட்டிலிருந்து வருகிறது, அதில் 2 இல்லை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் "2 × டேன்" வந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் வரும் அட்சரேகை, அந்த இருமுனையின் சொந்த நடுக்கோட்டிலிருந்து அளந்தது. நம் வரைபடத்தில் இருக்கும் பூமத்திய ரேகை, பூமி சுற்றும் அச்சைப் பொறுத்தது. இரண்டும் ஒன்றல்ல. கைடில் "அட்சரேகை" என்று மொட்டையாக அச்சடித்ததுதான் 18 டிகிரிக்குக் காரணம். அங்கே இருக்க வேண்டியது "காந்த அட்சரேகை".

பூமிக்கு மிக நன்றாகப் பொருந்தும் மைய இருமுனையின் அச்சு, சுழல் அச்சிலிருந்து இப்போது ஏறத்தாழ 9.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதன் வடமுனை கனடாவின் வடகோடியில், 80.7 டிகிரி வடக்கு, 72.7 டிகிரி மேற்கு என்ற இடத்தில் வருகிறது (2020-ஆம் ஆண்டுக் கணக்கு). இதை, காந்த ஊசி நேர்கீழாக நிற்கும் இடத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த இடம் வேறு. இப்போது ஏறக்குறைய 86 டிகிரி வடக்கில், ஆர்க்டிக் கடலில் சைபீரியா பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. முன்னது ஒரு கற்பனைக் காந்தத்தின் முனை, பின்னது அளந்து பார்த்த இடம். பூமி உண்மையிலேயே சுத்தமான இருமுனையாக இருந்தால் இரண்டும் ஒரே புள்ளியில் வந்திருக்கும்.

சாய்வு அமெரிக்கக் கண்டத்தின் பக்கம் என்றால், உலகின் எதிர்ப்பக்கத்தில் காந்த நடுக்கோடு வடக்கே ஏறியிருக்க வேண்டும். அந்த எதிர்ப்பக்கத்தில்தான் நாம் இருக்கிறோம். கணக்கை ஒரு வரியில் போடலாம். ராமேஸ்வரத்தின் தீர்க்கரேகை 79.3 கிழக்கு, முனையினுடையது 72.7 மேற்கு, வித்தியாசம் 152 டிகிரி. 152-இன் கொசைன் மைனஸ் 0.88. அதை 9.4-ஆல் பெருக்கினால் மைனஸ் 8.3. ஊர் அட்சரேகை 9.3-உடன் கூட்டினால் மிச்சம் 1 டிகிரி. இதுதான் உங்கள் காந்த அட்சரேகை. கோளத்தின் முழு வாய்பாட்டைப் போட்டாலும் ஏறக்குறைய 1 டிகிரிதான் வருகிறது. இப்போது 2 × டேன் 1 என்பது 0.035. அதற்குரிய கோணம் 2 டிகிரி. 18 எங்கே, 2 எங்கே! பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் கீழக்கரையிலும் சாயல்குடியிலும் விடை இதை ஒட்டித்தான் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 9.3-இலிருந்து 8.3-ஐக் கழிக்கிறோம். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால், மிச்சத்தில் பிழை பெரிதாகிவிடும். பழைய பதிப்புகளில் அச்சின் சாய்வு 11.3 அல்லது 11.5 டிகிரி என்று இருக்கும். அதைப் போட்டால் காந்த அட்சரேகைக்குக் கழித்தல் குறியே வந்துவிடும்; ஊசியின் வடமுனை கீழே சாய்வதற்குப் பதில் மேலே தூக்கிநிற்க வேண்டும் என்று அர்த்தமாகிவிடும். ஆகவே 2 டிகிரி என்ற எண்ணைத் தசமத்தோடு பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: காந்தச் சரிவு சுழியாகும் கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது, ராமநாதபுரம் கடற்கரை அதற்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது, எனவே இங்கே சரிவு சில டிகிரிக்குள்தான். 18 என்பது எந்த வகையிலும் ஒத்துவராது.

இந்தச் சாய்ந்த இருமுனையை மேலும் ஒரு சோதனைக்கு உட்படுத்தலாம். அதே 152 டிகிரியின் சைன் 0.47, 9.4-ஆல் பெருக்கினால் 4.4. அதாவது காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து 4.4 டிகிரி மேற்கே திரும்பி நிற்க வேண்டும் என்கிறது கணக்கு. உண்மையில் நம் கரையில் இந்த விலகல், அதாவது காந்த ஒதுக்கம், மேற்கேதான், ஆனால் சுமார் 2 டிகிரிக்குள். திசை சரி, அளவு பாதிகூட இல்லை. சரிவு நன்றாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

இனி அந்த 4-க்கு வருவோம். பூமியின் இருமுனைத் திருப்புத்திறன் இன்றைக்குச் சுமார் 7.7 × 10²² ஆம்பியர் மீட்டர்². அதை 10⁻⁷-ஆல் பெருக்கி, பூமியின் ஆரமான 6371 கி.மீ.-இன் மும்மடியால் வகுத்தால் 2.98 × 10⁻⁵ டெஸ்லா. புத்தகத்தில் திருப்புத்திறனை 8 × 10²² என்று முழுதாக்கியிருப்பதால் 3.1 வருகிறது. இது காந்த நடுக்கோட்டில் இருக்க வேண்டிய புலம்; நம் கரை அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் இங்கும் ஏறக்குறைய அதேதான் வர வேண்டும். ஆனால் தென்தமிழகத்தில் அளந்தால் கிடைப்பது 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி, அதாவது 4 × 10⁻⁵. கணக்குக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதே காந்த நடுக்கோடு தென்னமெரிக்காவில் பெரு நாட்டு வழியாகவும் போகிறது. அங்கே புலம் சுமார் 25 மைக்ரோடெஸ்லாதான். ஒரே காந்த அட்சரேகை, ஒரு பக்கம் 40, இன்னொரு பக்கம் 25. மையத்தில் வைத்த எந்தச் சட்டக் காந்தமும் இந்த வித்தியாசத்தைத் தராது. புத்தகத்தின் 3.1 உலகம் முழுவதுக்குமான ஒரு சராசரி மாதிரி எண். அதை ஊருக்கு ஊர் கிடைக்க வேண்டிய "சரியான விடை" என்று வைத்துக்கொண்டு பிழைச் சதவீதம் போடுவது நியாயமில்லை.

காந்தத்தை மையத்திலிருந்து நகர்த்திப் பார்த்தால்? அதையும் செய்திருக்கிறார்கள். பூமியின் மையத்திலிருந்து 500, 600 கி.மீ. தள்ளி, மேற்குப் பசிபிக் பக்கமாக இருமுனையை வைத்தால் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அப்படி வைத்தால் நம் கரை அந்தக் காந்தத்துக்குக் கிட்டத்தட்ட 300 கி.மீ. நெருங்கிவிடுகிறது. தொலைவின் மும்மடி என்பதால் அந்த 300 கி.மீ. புலத்தை 15 சதவீதம் ஏற்றி, 30-ஐ 34 ஆக்குகிறது. அப்போதும் 40-க்கு எட்டவில்லை. மிச்சத்துக்கு இருமுனை போதாது. நான்முனை, எண்முனை என்று (நான்கு, எட்டு முனைகள் கொண்ட புலங்களை) மேலே மேலே சேர்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் சர்வதேசப் புவிகாந்தப் புல மாதிரியில் 195 எண்கள் இருக்கின்றன. அதில் முதல் 3 எண்கள்தான் உங்கள் புத்தகத்துச் சட்டக் காந்தம்.

உள்ளே சட்டக் காந்தம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரும்பு 770 டிகிரி செல்சியசுக்கு மேல் நிலைக் காந்தமாக இருக்க முடியாது. பூமியின் உள்ளகமோ ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. 2900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு சுழன்றோடுவதால் உண்டாகும் மின்னோட்டமே புலத்துக்கு மூலம். ஓடும் திரவம் ஒழுங்கான ஒற்றைச் சுருளாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கங்கே வலுத்தும் மெலிந்தும் இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இன்று வரை இருமுனையின் வலு ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்திருக்கிறது. இது அளவீடு, சந்தேகமில்லை. இதை வைத்து "துருவம் புரளப்போகிறது" என்று யூடியூபில் தேதி குறிப்பவர்கள் சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை.

சரி, உங்கள் 4 உண்மையிலேயே அளந்த 4-ஆ, தற்செயலாக வந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது? டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் இதற்கு நல்ல கருவி. அதைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். 5 சுற்று, ஆரம் 7.5 செ.மீ. உள்ள சுருளில் 1 ஆம்பியர் விட்டால் மையத்தில் 41.9 மைக்ரோடெஸ்லா உண்டாகும். பூமியின் கிடைத்தளக்கூறு 40.5 என்றால் முள் 46 டிகிரியில் நிற்கும். அது 29.8 ஆக இருந்திருந்தால் 54.6 டிகிரியில் நின்றிருக்கும். எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். பள்ளிக்கூடக் கருவியிலேயே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். உங்கள் சுருளின் ஆரம் 7.5 தானா என்று மட்டும் நீங்களே அளந்துகொள்ளுங்கள். சுருளைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நீளத்தை 6.28-ஆல் வகுத்தால் போதும். நூல் 47.1 செ.மீ. இருந்தால் ஆரம் 7.5. கம்பியை இணைக்கும் முனைகளில் சுற்றுகளின் எண்ணிக்கை 2, 5, 50 என்று எழுதியிருக்கும். அவசரத்தில் 50-இல் செருகிவிட்டால் 1 ஆம்பியருக்கு முள் 84 டிகிரிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இணைப்பைத்தான்.

மின்னோட்டத்தை 0.6 ஆம்பியரிலிருந்து 1.6 ஆம்பியருக்குள் வைத்தால் கோணம் 30-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கும். 45-இல் 1 டிகிரி தப்பாகப் படித்தால் விடையில் 3.5 சதவீதம் பிழை. 75-இல் அதே 1 டிகிரிக்கு 7 சதவீதம். முள்ளின் இரண்டு முனைகளையும் படிக்க வேண்டும். கம்யூட்டேட்டரால் மின்னோட்டத்தைத் திருப்பி மறுபடியும் இரண்டையும் படிக்க வேண்டும். இந்த நான்கின் சராசரிதான் கோணம். திருப்பும் முன்னும் பின்னும் வந்த கோணங்கள் 3 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் சுருள் காந்தத் துருவத்தளத்தில் (காந்த ஊசி காட்டும் வடக்கு-தெற்குத் தளம்) சரியாக நிற்கவில்லை என்று பொருள். மின்னோட்டத்தை நிறுத்தி, சுருளைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். படிக்கும்போது அடியில் உள்ள கண்ணாடியில் முள்ளின் பிம்பம் முள்ளுக்கு அடியில் மறையும்படி கண்ணை வையுங்கள்.

பெரும்பாலான தவறுகள் கருவிக்கு வெளியே இருந்துதான் வருகின்றன. அம்மீட்டருக்குள் ஒரு வலுவான காந்தம் இருக்கிறது. அதைச் சுருளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவையே ஒரு பெரிய சுருளாகிவிடும். செல்போன் மேசைமேல் இருக்கக் கூடாது. மூடும் உறையில் காந்தம் இருந்தால் இன்னும் மோசம். இரும்புக்கால் மேசை, கான்கிரீட் தூணுக்குள் இருக்கும் கம்பி, ஜன்னல் கம்பி எல்லாம் வேலை காட்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரு சின்னக் காம்பஸை மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகர்த்திப் பாருங்கள். ஊசி திசை மாறாமல் வந்தால் அந்த இடம் நல்ல இடம். இரண்டு மூன்று டிகிரி ஆடினால் மேசையை மாற்றுங்கள். இவ்வளவையும் பார்த்துச் செய்தால் 3.8-இலிருந்து 4.2 வரை எது வந்தாலும் உங்கள் கருவிக்கு நல்ல விடை.

டிப் சர்க்கிளுக்கு வருவோம். அதில் நம் கரைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தக் கைடிலும் எழுதியிருக்க மாட்டார்கள். கருவியைத் துருவத்தளத்தில் நிறுத்தப் புத்தகம் சொல்லும் வழி என்ன? ஊசி நேர்செங்குத்தாக நிற்கும்வரை பெட்டியைத் திருப்பு, பிறகு அங்கிருந்து 90 டிகிரி திருப்பு. இந்த வழி டெல்லியில் அழகாக நடக்கும். அங்கே சரிவு 40 டிகிரிக்கு மேல். செங்குத்துக்கூறு வலுவாக இருப்பதால் ஊசியை இழுத்து நிமிர்த்திவிடும். நம்மிடம் செங்குத்துக்கூறு 2 மைக்ரோடெஸ்லா அளவுக்குத்தான். பெட்டியைத் துருவத்தளத்திலிருந்து 60 டிகிரி திருப்பினாலும் ஊசி படுத்தே இருக்கும். சரிவு 3 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஊசி வெறும் 45 டிகிரிக்கு எழுவதற்கே பெட்டியை 87 டிகிரி திருப்பியிருக்க வேண்டும். மிச்சம் இருக்கும் 3 டிகிரிக்குள் அது 45-இலிருந்து 90-க்குத் தாவ வேண்டும். அந்த இடத்தில் ஊசியைத் திருப்பும் விசை மிகவும் பலவீனம். அச்சின் உராய்வே ஜெயித்துவிடும். ஊசி எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும், தட்டினால் வேறிடத்தில் நிற்கும். பார்ப்பவர்கள் கருவி பழுது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். இங்கே அந்த வழியை விட்டுவிட்டு, ஒரு சாதாரணக் காம்பஸை வைத்துத் துருவத்தளத்தைக் குறித்து, பெட்டியை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள்.

ஊசி உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதைக் கழற்றி முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டு மறுபடி படியுங்கள். பெட்டியையும் 180 டிகிரி திருப்பிப் படியுங்கள். ஊசியின் எடை நடுவில் சமமாக இல்லாவிட்டால், காந்தத்தை எடுத்துத் தேய்த்து முனைகளை மாற்றிய பிறகு எடுக்கும் அளவு முன்னதிலிருந்து நிறைய விலகும். இரண்டின் சராசரி எடைப் பிழையைப் பெருமளவு தின்றுவிடும். பழைய ஊசி காந்தத்தை இழந்திருந்தாலும் மந்தமாகத்தான் நிற்கும். சட்டக் காந்தத்தால் ஒரே திசையில் பத்துப் பதினைந்து முறை தேய்த்தால் சரியாகிவிடும். கடற்காற்றில் அச்சுமுனை துருப்பிடிப்பது நம் ஊரில் சகஜம். மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள், எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசு ஒட்டி இன்னும் கெட்டுப்போகும். இத்தனைக்குப் பிறகும் பள்ளிக் கருவியின் பிழை ஓரிரண்டு டிகிரி இருக்கும். சரிவே இரண்டு மூன்று டிகிரிதான் என்னும்போது, இந்தக் கருவியால் இங்கே சொல்ல முடிந்தது "ஏறக்குறையக் கிடைத்தளம்" என்பது மட்டுமே.

நம் கரையில் நடுநிலைப்புள்ளிச் சோதனைக்கு (காந்தத்தின் புலமும் பூமியின் கிடைத்தளக்கூறும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தைத் தேடுவது) ஒரு தனி அழகு உண்டு. சட்டக் காந்தத்தின் வடமுனை வடக்கே பார்க்க வைத்தால் நடுநிலைப்புள்ளிகள் கிழக்கிலும் மேற்கிலும், நடுவரைக்கோட்டில் விழும். வடமுனையைத் தெற்கே திருப்பினால் அச்சுக்கோட்டில் விழும். மற்ற ஊர்களில் அந்தப் புள்ளியில் கிடைத்தளக்கூறு மட்டும்தான் அழியும். டெல்லியில் அழிந்த பிறகும் செங்குத்தாக 30 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் மிச்சம் இருக்கும். இங்கே புலம் முழுவதுமே கிடைத்தளமாக இருப்பதால், அந்தப் புள்ளி கிட்டத்தட்ட உண்மையிலேயே புலமில்லாத புள்ளி. காம்பஸ் ஊசி அங்கே எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே சோம்பலாக நிற்கும்.

இதில் மாணவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. சிறிய இருமுனை என்று வைத்துக்கொண்டால், அச்சுக்கோட்டுத் தொலைவை நடுவரைக்கோட்டுத் தொலைவால் வகுத்தால் 2-இன் மும்மடி மூலம், அதாவது 1.26 வர வேண்டும். அளந்தால் 1.38 வருகிறது. ஏன் என்று தெரியாமல் எண்ணைத் திருத்தி எழுதிவிடுகிறார்கள். கணக்கு இப்படி: திருப்புத்திறன் 1 ஆம்பியர் மீட்டர்², நீளம் 10 செ.மீ. உள்ள காந்தத்தில், முனைகள் உண்மையில் கோடியில் இல்லை. கொஞ்சம் உள்ளே, நடுவிலிருந்து 4.2 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்ளலாம். சிறிய இருமுனை வாய்பாடு சொல்லும் தொலைவுகள் 13.5, 17.0 செ.மீ. நீளத்தைக் கணக்கில் எடுத்தால் நடுவரைக்கோட்டுப் புள்ளி 12.9-க்கு உள்ளே வருகிறது, அச்சுக்கோட்டுப் புள்ளி 17.7-க்கு வெளியே போகிறது. இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் போவதால் விகிதம் 1.38 ஆகிறது. உங்களுக்கு 1.35-க்கும் 1.4-க்கும் இடையில் வந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். திருத்தாமல் எழுதுங்கள்.

கருவி எதுவும் இல்லையென்றால் செல்போனே போதும். பெரும்பாலான போன்களில் மூன்று அச்சுக் காந்த உணரி இருக்கிறது. மைக்ரோடெஸ்லாவில் காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உறையைக் கழற்றிவிட்டு, வண்டி, படகு, மின்கம்பம் எதுவும் பக்கத்தில் இல்லாத மணல்வெளியில் நின்று, போனைக் காற்றில் எட்டு வரைவதுபோல் சுழற்றிச் சீர்செய்துகொள்ளுங்கள். மொத்தப் புலம் 40-ஐ ஒட்டி வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மொத்தம் பெரிதாக மாறக் கூடாது. 35-க்கும் 46-க்கும் இடையில் ஆடினால் போனின் உள்காந்தம் கலக்கிறது. செங்குத்துக்கூறுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. திரை மேலே பார்க்கப் படுக்கவைத்துத் திரைக்குச் செங்குத்தான அச்சின் எண்ணைக் குறியுங்கள். அதே இடத்தில் கவிழ்த்து வைத்து மறுபடி குறியுங்கள். முதலில் 5, பிறகு 9 என்று வந்தால், வித்தியாசத்தில் பாதியான 2 பூமியுடையது. கூட்டலில் பாதியான 7 போனுடையது. கவிழ்க்காமல் ஒரே எண்ணை எடுத்தால் 2-க்குப் பதிலாக 5 என்று எழுதியிருப்பீர்கள், குறியும் தப்பாகியிருக்கும்.

பகலில் ஒரு விடை, இரவில் ஒரு விடை வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரும், ஆனால் உங்கள் கருவிக்குத் தெரியாது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, 100 கி.மீ. உயரத்தை ஒட்டி, பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. நண்பகலில் அது கிடைத்தளக்கூறைச் சில பத்து நானோடெஸ்லா முதல் 100 நானோடெஸ்லா வரை ஏற்றும். 40 மைக்ரோடெஸ்லாவில் அது கால் சதவீதம். அதை ஆராயத்தான் 1963-இல் கேரளக் கரையில் உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்து ராக்கெட் விட்டார்கள். ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் வேலை செய்த அந்தத் தும்பாதான். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலியில் இருப்பதற்கும் இந்தக் காந்த நடுக்கோடுதான் காரணம்.

கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள். குளிர்நாட்டுக்கென்று செய்த காம்பஸில், வடமுனை கீழே சாய்வதை ஈடுகட்டத் தென்முனையில் சிறு எடை சேர்த்திருப்பார்கள். இங்கே சாய்வே இல்லாததால் அந்த எடை தென்முனையை அழுத்தி, அட்டை கண்ணாடியில் உரசும். பழுது என்று தூக்கிப்போட வேண்டாம். அது செய்யப்பட்ட இடம் வேறு. காந்த ஒதுக்கத்தால் வரும் 2 டிகிரிகூட 20 கி.மீ. ஓட்டத்துக்கு 700 மீட்டர் விலக்கும். விசைப்படகின் டீசல் இன்ஜினும் இரும்புச் சாமான்களும் பக்கத்தில் இருந்தால் விலக்கம் அதைவிட அதிகம். படகு திரும்பத் திரும்ப அதுவும் மாறும். வடகடலில் (பாக் விரிகுடா) ஒரு திசைக்குச் சரிபார்த்த காம்பஸ், தென்கடலில் (மன்னார் வளைகுடா) வேறு திசைக்குப் போகையில் அதே அளவு தப்பும் என்று நம்பக் கூடாது.

ரெக்கார்ட் நோட்டில் எழுத வேண்டியது: கிடைத்தளக்கூறு நீங்கள் அளந்த 4 × 10⁻⁵ டெஸ்லா, அப்படியே. சரிவுக்கு "கருவியின் பிழை எல்லைக்குள் சுழி" என்று எழுதி, பக்கத்தில் காந்த அட்சரேகை 1 டிகிரி, எதிர்பார்க்கும் சரிவு 2 டிகிரி என்ற அந்த ஒரு வரிக் கணக்கைப் போடுங்கள். செய்முறைத் தேர்வுக்கு வருபவர் 18 எங்கே என்று கேட்டால், 152 டிகிரியின் கொசைனிலிருந்து தொடங்குங்கள்.